பதினாறா, பதினேழா

ஆகஸ்ட் 9, சனி. சிதம்பரம்.

துபாயிலிருந்து அவர் உடலோடு வந்த போனை இன்றுதான் திறந்தோம். படங்களை எடுத்துக் கொடுக்கக் கடலூரிலிருந்து தம்பி செந்தில் வந்திருந்தான். காலண்டரில் என் பிறந்தநாள் மார்ச் பதினாறு என்று இருந்தது. நான் பிறந்தது பதினேழு.

இந்த மார்ச்சில் அவர் ஒரு நாள் முன்னாலேயே, பதினாறாம் தேதி, கூப்பிட்டு வாழ்த்தினார். கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் பிறந்தநாள். "கட்டுன பொண்டாட்டி பொறந்தநாள்கூட தெரியாதா?" என்று கத்தினேன். "போன்ல இன்னிக்குன்னுதான் காட்டுது செல்வி, நெசமா" என்றார். சாக்கு என்று நினைத்தேன். மறுநாள் அவர் கூப்பிட்டபோது நான் எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை. நான்காம் நாள் நெஞ்சுவலி என்று அங்கிருந்து வேறு யாரோ பேசினார்கள்.

செந்தில் போனை நோண்டிவிட்டுச் சொன்னான்: "மாமா சரியாத்தான் போட்டிருக்காருக்கா. கெளம்புறதுக்கு முன்னாடி இங்க இருந்தே, பதினேழாந்தேதி ராத்திரி பன்னண்டு மணின்னு வெச்சிருக்காரு. துபாய் நேரம் ஒன்றரை மணி பின்னாடி. அங்க போனதும் போனே முந்தின நாளா மாத்திடுச்சி."

இந்திய நேரத்துக்கு மாற்றினான். பதினேழு என்று வந்தது. "இப்ப சரியாயிடுச்சிக்கா."

"பழையபடியே வைடா" என்றேன். ஏன் என்று கேட்காமல் வைத்தான்.

அவர் குரலை நான் கடைசியாகக் கேட்டது பதினாறாம் தேதி. அந்தக் குரலுக்கு நான் சொன்ன பதில்...