எட்டு மணி மாமியாரின் மரணம்

மார்ச் 3

இன்று என் தொண்டைக்கு மாபெரும் அவமானம். "இன்றிரவு எட்டு மணிக்கு... காணத் தவறாதீர்கள்!" என்று தொலைக்காட்சியில் நான் முழங்கினால் மூன்று ஊரில் ஜன்னல் அதிரும். அப்பேர்ப்பட்ட குரலைப் பதினைந்து வினாடி வீடியோவில் அடைத்துவிட்டு, சேனலின் சமூக வலைதளப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் என் தங்கை மகள் சொல்கிறாள்:

"மாமா, பாதிப் பேர் மியூட்லதான் பார்க்கறாங்க. எழுத்து மட்டும் போதும்."

மியூட்டாம்! சிங்கத்துக்கு வாயைக் கட்டி ஊர்வலம் விடுகிறார்கள்.

மார்ச் 6

வீட்டில் போர். எங்கள் எட்டு மணித் தொடரில் பாலில் விஷம் கலக்கும் மாமியார் வேறு யாருமல்ல, என் தங்கையேதான். இப்போது சேனல் பக்கத்தில் வாக்கெடுப்பு வைக்கச் சொல்லிவிட்டார் மேனேஜர். ‘மாமியார் திருந்தலாமா? சாகலாமா?' ஏற்றியது யார்? பெற்ற மகள்!

"பத்து மாசம் சுமந்ததுக்கு நல்ல பரிசுடீ."

"நான் போடலைன்னா பக்கத்து சீட்டுக்காரன் போடுவான்மா. சாவுக்குப் பக்கத்துல நெருப்பு எமோஜி வேற வைப்பான்."

செத்தால் வேலை போயிற்று. இந்த வயதில் அடுத்த வாய்ப்பு எப்போது வரும்? இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. உப்பு கேட்கக்கூட நான்தான் தூதுவன்.

மார்ச் 8

சாவு முன்னிலை.

மார்ச் 9

வாக்கெடுப்பு முடிந்தது. சாவுக்கே வெற்றி. தங்கை உட்கார்ந்து கமெண்ட் எல்லாம் வாசித்தாள். ‘இவளுக்குச் செருப்பு அனுப்பணும், விலாசம் குடுங்க' என்று ஒருவர்.

"ஒத்தையா ஜோடியான்னு கேளுங்க" என்று சிரித்தாள். அப்புறம் மெதுவாக, "என் முகம் அவ்ளோ கெட்ட முகமா அண்ணா?"

பொறுக்குமா? என் போனை எடுத்து அந்தக் கமெண்டுக்குக் கீழேயே வெளுத்துவிட்டேன்: ‘அவ என் தங்கச்சி. சீரியல்லதான் பால்ல விஷம். வீட்ல தெருப்பூனைக்குக்கூட ஆறவச்சு, விரல் விட்டுப் பார்த்துட்டுத்தான் ஊத்துவா. போய் வேலையைப் பாருங்க.'

மார்ச் 10

நான் செத்தேன். விளம்பரம் ஏற்றுவதற்காகத் தங்கை மகள் என் போனில் சேனல் கணக்கைத் திறந்து வைத்திருந்தாள். நான் திட்டியது என் பெயரில் இல்லை — சேனல் பெயரில்!

"மாமா! சேனலே எந்திரிச்சு வந்து ‘அவ என் தங்கச்சி'ங்குது!"

ஈரேழு உலகமும் சிரிக்கிறது. பூனையின் படம் கேட்டு லட்சோபலட்சம் பேர் (என் கணக்கு, அவள் கணக்கில் சில ஆயிரம்). ‘அந்தம்மாவைக் கொல்லாதீங்க' என்று செருப்புக்காரரே கெஞ்சுகிறார்.

மேனேஜர் கூப்பிட்டார். சீட்டுக் கிழியும் என்று போனால், "தினம் இப்படி ஒண்ணு போடுவீங்களா சார்?"

"போடறேன். அவளை விட்டுடுங்க."

"ஓட்டு முடிஞ்சுபோச்சே. ஜனங்களைக் கேட்டுட்டு நாமளே மாத்தினா, அடுத்த தடவை எவன் ஓட்டுப் போடுவான்?"

கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன். நானே!

மார்ச் 13

சாவு விளம்பரத்துக்கும் நான்தான் குரல் கொடுக்க வேண்டும். "இன்றிரவு எட்டு மணிக்கு..." அங்கேயே அடைத்துக்கொண்டது. மலையை அசைக்கும் தொண்டை, ‘காண' என்ற சொல்லைத் தாண்டவில்லை. ஏன்? நடிப்புத்தானே? ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கை மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னொரு டேக் போலாம்மா."

"வேணாம் மாமா."

அப்படியே ஏற்றினாள். மேலே ஒரு வரி எழுதினாள்: ஒலியைத் திறந்து கேளுங்கள்.

சாப்பிடும்போது போனை அம்மாவிடம் அவளே நீட்டினாள். தங்கை கேட்டாள். மறுபடி கேட்டாள். பிறகு, "உப்பை இந்தப் பக்கம் தள்ளுடீ."

என் தூதுவர் பதவி பறிபோயிற்று.

மார்ச் 14

செத்தாள். பிரமாதமாகச் செத்தாள்.

மார்ச் 17

தங்கையைக் கண்டாலே நசுங்கின தக்காளியாகப் பார்த்துப் போடும் கடைக்காரம்மா, இன்று கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கீங்களாம்மா? பூனை சாப்பிடுதா?" எல்லாம் முழுத் தக்காளி. வழியெல்லாம் தங்கை பையைத் திறந்து திறந்து தக்காளியைப் பார்த்தாள். வேலை இல்லாமல் வீட்டுக்குத் திரும்புகிறவளின் பையை நான் வாங்கிச் சுமந்தேன்.

ஏப்ரல் 22

"மாமா, புதுத் தொடருக்கு விளம்பரம். சத்தம் வேணும், நிறைய வேணும். பெரிய வில்லி ஒருத்தி வர்றா."

"யாரு?"

சமையலறையிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. பூனை பாலை விட்டுவிட்டு ஓடியது.