மதலேன் டீச்சருக்கு மிஞ்சிய மொழி

கம்பைநல்லூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜெயபிரியாவுக்கு அம்மா தீர்த்தம்மாள் எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே லியோனில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பையனும் அப்படியே இருக்கவேண்டும் என்று தீர்த்தகிரீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே ஒரு மழை பெய்து மல்பெரி துளிர்த்திருக்கிறது, பட்டுப்புழு மூன்றாம் தோலுரிப்பில் இருப்பதால் அப்பா தழை வெட்டவும் போடவுமாக அலைகிறார், முட்டி வலி என்றால் மாத்திரை வேண்டாம் என்கிறார், நீ அடுத்த முறை பேசும்போது கொஞ்சம் அதட்டு. மதலேன் டீச்சர் காலமான அன்று நீ போனில் எல்லாவற்றையும் கேட்டாய், எனக்கோ பாதிகூடச் சொல்ல முடியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், வேலைக்குப் போகும் நாளில் படிக்காதே, வீட்டில் இருக்கும்போது படி.

நீ ஆறாவது சேர்ந்த முதல் நாள் அழுதுகொண்டே வந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு மேல் எல்லாப் பாடமும் பிரெஞ்சிலேயே நடக்கும், கணக்கும் பிரெஞ்சு, விளையாட்டும் பிரெஞ்சு, அந்த மிஸ்ஸுக்குத் தமிழே வராது, என்னை ஸ்கூல் மாத்துங்க என்று புரண்டு அழுதாய். மதலேன் டீச்சர் காரைக்காலில் பிறந்தவர், வீட்டில் பிரெஞ்சு, தெருவில் தமிழ் என்று வளர்ந்தவர், வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஆலையில் வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்தவர் என்பதெல்லாம் அப்போது எனக்கும் தெரியாது. அந்த வாரமே சந்தையில் கத்தரிக்காய்க்காரியிடம் ஒரு அம்மா நல்ல தமிழில் பேரம் பேசிக்கொண்டிருந்தார், பார்த்தால் உன் மிஸ். என்னைக் கண்டதும் பையை இடுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து, “பாப்பாகிட்ட சொல்லிடாதீங்கம்மா, எனக்குத் தமிழ் தெரியும்னு தெரிஞ்சா ஒரு வார்த்தை பிரெஞ்சு பேச மாட்டாங்க, ஒரு வருஷம் பொறுத்துக்கங்க” என்றார். நான் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் நீ வீட்டுக்குள் நுழையும்போதே “ழே சுவாஃப்” என்று கத்துவாய், தண்ணீர் வேணுமாம், அதைப் பிரெஞ்சில் கேட்டால்தான் குடிப்பாயாம். நானும் செம்பை நீட்டுவேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் போனபின் டீச்சர் தனியாகத்தானே இருந்தார், போன மாதம் ஒரு காலையில் பால் வாங்க அவர் வரவில்லை என்று பக்கத்து வீட்டு மெடிக்கல் கடை முனிராஜ் கதவைத் தட்டியிருக்கிறார், பதில் இல்லை. பின்பக்கமாகப் போய்ப் பார்த்தால் சமையல்கட்டில் கீழே கிடந்திருக்கிறார். அவரே கார் வைத்துத் தர்மபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எங்களுக்குச் சொன்னார். மூளையில் அடைப்பு, வலது கை வரவில்லை. நாங்கள் போனபோது கண் திறந்திருந்தார், ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், வார்டில் இருந்த பெண் “நேத்துலேந்து இப்படித்தாங்க, அம்மா என்னமோ ஒளறிக்கிட்டே இருக்காங்க” என்றாள். நான் குனிந்து காதைக் கொடுத்தேன். சுவாஃப், சுவாஃப் என்று கேட்டது. நீ வீட்டுக்குள் கத்தின அதே வார்த்தை கண்ணு. ஒளறல் இல்லைங்க, தண்ணி கேக்குறாங்க என்றேன். நர்ஸ் வந்து தலையைத் தூக்கி வைத்து ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். டீச்சர் விழுங்கிவிட்டு என்னைப் பார்த்து “மெர்சி” என்றார், நன்றி சொல்கிறாராம்.

டாக்டர் நல்ல மனுஷன். சில பேருக்கு இப்படி ஒரு மொழி அடியோடு போய் இன்னொன்று நின்றுவிடும் என்று விளக்கினார். நாங்கள் தமிழில் பேசினால் டீச்சர் முழித்தார், சந்தையில் அப்படிப் பேரம் பேசியவருக்கு அம்மா என்ற சொல்கூட எட்டவில்லை. எனக்குத் தெரிந்ததோ நீ வீட்டுக்குள் கத்தின நாலு வார்த்தைதான், அதை வைத்து என்ன பேசுவது. வெளியே வந்து தேவிப்பிரியாவுக்குப் போன் செய்தேன், உன்கூடப் படித்தவள், அரூரில் பேங்கில் இருக்கிறாளே அவள்தான். சாயங்காலமே வந்துவிட்டாள். அவள் கட்டில் ஓரம் உட்கார்ந்து பிரெஞ்சில் ஒரு வார்த்தை சொன்னதும் டீச்சர் முகத்தைப் பார்க்கணுமே, வழி தெரியாத ஊரில் தெரிந்தவரைக் கண்ட மாதிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கடகடவென்று பேசினார். கொஞ்ச நேரத்தில் தேவிப்பிரியா எழுந்து ஓடி, “டாக்டர், இடுப்பு தாங்க முடியாம வலிக்குதுன்னு சொல்றாங்க, விழுந்தப்போ அடிபட்டுச்சாம்” என்றாள். படம் எடுத்துப் பார்த்தால் இடுப்பெலும்பில் விரிசல். அதற்கு மருந்து கொடுத்த பிறகுதான் டீச்சர் நிம்மதியாகத் தூங்கினார். டீச்சர் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார், கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

அதற்கப்புறம் உன் செட்டு, உனக்கு முன் செட்டு, பின் செட்டு என்று முறை வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு பகலும் டீச்சர் தனியாக இல்லை. பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிற கலைவாணன் வந்து, அவனுடைய தக்காளி வண்டி ரோட்டில் கவிழ்ந்து ஆடெல்லாம் வந்து தின்ற கதையைப் பிரெஞ்சில் சொன்னான். பாதி பிரெஞ்சு, பாதி கை ஜாடை. டீச்சர் ஒரு பக்க வாயாலேயே சிரித்தார், வார்டே திரும்பிப் பார்த்தது. நீ போனில் பேசினாயே, அன்றைக்கு நான்தான் அவர் காதில் வைத்துப் பிடித்திருந்தேன். நீ வைத்த பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. போனை வாங்கி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு தேவிப்பிரியாவிடம் ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டதற்கு அவள் அழுதுகொண்டே சிரிக்கிறாள். “இவ இன்னும் அதே வேகந்தான், முற்றுப்புள்ளிக்கு நின்னு மூச்சு விடச் சொல்லு”ன்னாங்களாம். பிறகு சளி நெஞ்சில் கட்டிவிட்டது. மறுநாள் காலையில் தேவிப்பிரியா பக்கத்தில் இருக்கும்போதே போய்விட்டார், கஷ்டப்படவில்லை.

காரைக்காலில் இருந்து அவர் அக்கா மகன் வந்தார், உடலை அங்கேயே எடுத்துப் போகலாம் என்றுதான் வந்திருந்தார். மாதா கோயில் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, “சித்தி வேலையா இருக்காங்கன்னுதான் நெனச்சோம், குடும்பமா இருந்திருக்காங்க, உங்க ஊர்லயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம். ஒவ்வொருத்தரும் மண் போடும்போது பிரெஞ்சில் ஏதோ சொல்லிப் போட்டார்கள். உன் அப்பா முறை வந்தது, துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மண்ணைப் போட்டு, “மெர்சி மதாம், பாப்பா சார்பா” என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயில் பிரெஞ்சு நான் கேட்டதில்லை. எனக்கு அங்கேதான் அழுகை வந்தது. ஒரு கிணற்றையும் ரெண்டு ஏக்கரையும் தவிர உனக்குக் கொடுக்க எங்களிடம் என்ன இருந்தது, அந்த ஊரில் நீ நர்சாக நின்று நோயாளியிடம் வலி எங்கே என்று கேட்கிறாய் என்றால் அந்தப் பேச்சு அவர் கொடுத்தது. வருத்தம் இருக்கிறது, ஆனால் அதைவிடப் பெரிய நன்றி இருக்கிறது. நீ வரமுடியவில்லை என்று மனதைப் போட்டு வாட்டிக்கொள்ளாதே. குளிருக்குப் பையனுக்குக் காதை மூடிக்கட்டு, ராகி மாவு அனுப்புகிறேன், களி கிண்டினால் அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொள்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க எங்கள் ரெண்டு பேர் ஆசியும் உண்டு. ஒன்றை மறந்துவிடாதே. கல்லறைக்குக் கல் சொல்லியிருக்கிறோம், பேருக்குக் கீழே பிரெஞ்சில் ஒரு வரி போடவேண்டும். தேவிப்பிரியா ஒன்று எழுதினாள், கலைவாணன் அதில் ஒரு தப்பு கண்டுபிடித்தான், அவன் திருத்தியதில் இவள் ரெண்டு கண்டுபிடித்தாள், மற்றவர்கள் பேனாவையே தொட மாட்டேன் என்கிறார்கள். மதாம் கல்லில் பிழை வந்தால் தாங்காது என்று எல்லோருக்கும் பயம். கல் வெட்டுகிறவர் உளியோடு காத்திருக்கிறார். அங்கே நன்றாகத் தெரிந்த ஒருத்தரிடம் காட்டி, ஒற்று, கொம்பு, தலையில் வைக்கிற கோடு எல்லாம் சரிபார்த்து சீக்கிரம் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
மா. தீர்த்தம்மாள்