ஸ்பீக்கர் பெட்டி கத்திய தொகை

அன்புள்ள மகனுக்கு,

நேற்று ஓமலூரில், கந்தப்பனின் உரக்கடையில் என் மானம் போனது. காரணம் நீ.

உன் அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கந்தப்பனிடம் வாங்கிய கடனை நான் மாதாமாதம் நேரில் போய்க் கட்டுவது உனக்குத் தெரியும். இந்த மாதம் கிணற்று மோட்டார் புகைந்துபோனதால் பாதித் தவணைதான் கையில் இருந்தது. மீதிக்கு அவகாசம் கேட்க வேண்டும். என்ன சொல்வதென்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், போனில் பணம் வந்தால் சத்தமாகச் சொல்ல கல்லாமேல் வைத்திருக்கும் ஸ்பீக்கர் பெட்டி மொத்தக் கடன் தொகையும் வந்துவிட்டதாகக் கத்தியது. கந்தப்பன் போனைப் பார்த்தார்.

“ஏனுங்க டீச்சரம்மா, உங்க பையன் மொத்தத்தையும் போட்டு உட்டுட்டாருங்க! இனி எதுக்குங்க வெயில்ல வாரீங்க?”

யூரியா வாங்க வந்தவர்கூட, “பெத்தா இப்படிப் பெக்கோணுமுங்க” என்றார். நான் பாதித் தவணை இருந்த கவரைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

கேட்காமல் அடுத்தவர் காரியத்தில் கை வைக்கக் கூடாது என்று கான்வென்ட் பள்ளியில் சிஸ்டர்கள் எனக்குச் சொன்னார்கள். நான் உனக்குச் சொன்னேன். கடன் என்னுடையது. அவகாசம் கேட்கும் வெட்கமும் என்னுடையது. கிறிஸ்துமஸுக்கு வர நேரமில்லாதவனுக்கு இதற்கு மட்டும் எப்படி நேரம் கிடைத்தது?

இனி உனக்குத்தான் தவணை. போனில் அனுப்ப மாட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் வீட்டில் இருப்பேன். நேரில் வந்து வாங்கிக்கொள். கந்தப்பன் கடையில் எனக்கு மோர் கொடுப்பார்கள். நான் உனக்குச் சாப்பாடே போடுவேன்.

மோட்டார் செலவு இருப்பதால் சிறுசிறு தொகையாகத்தான் தர முடியும். கடன் அடைந்து முடிய வருடக்கணக்கில் ஆகும். எனக்கு அவசரமில்லை.

உன் கடனாளி,
அம்மா