மிதித்த பாத்தி

லடாக்,
ஆனி மாதம்

அன்புள்ள அருள்மொழிக்கு,

நீயும் பாப்பாவும் நலமா? உன் முதுகுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். இங்கே போனுக்கு டவர் இல்லை. லே டவுனுக்குப் போகும் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன மாதம் ரோடு வேலை இல்லாத ஒரு நாள், நான் தங்கியிருக்கும் வீட்டு டோல்மா அம்மாவின் பார்லி வயலில் இறங்கினேன். பனி உருகி வரும் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி விடுகிறார்கள். மண்ணில் முக்கால்வாசி கூழாங்கல். விட்ட தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகிறது. என் கால் சும்மா இருக்குமா? ஒரு மூலையை நம் உப்புப் பாத்தி போல மிதித்து இறுக்கினேன். தண்ணீர் நின்றது. பனிமலை அதில் தலைகீழாக அசையாமல் கிடந்தது. மரக்காணத்து உப்பளத்தில் நிற்பதாகவே நினைத்து நின்றுகொண்டிருந்தேன்.

டோல்மா அம்மா ஓடி வந்தார். அவர் இந்தியில் கேட்டது நம் பேச்சில் இப்படி இருக்கும்: "ஏம்பா, உள்ள விதை இருக்குது, அது மூச்சு விட வேணாமா?"

இப்போது வயல் முழுக்கப் பச்சை. என் பாதம் பட்ட இடம் மட்டும் மொட்டை. தினமும் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்.

பாப்பா நடக்கிறாள் என்று நீ எழுதியதைச் சொன்னேன். கம்பளிக் காலுறை பின்னித் தருகிறாராம். நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல மனம் வரவில்லை. அவளைக் காகிதத்தில் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிப் பேனாவால் வரைந்து அனுப்பு.

லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். டோல்மா அம்மாவுக்கு அளவெடுக்க ஒரு கால் போதுமாம். நீ இரண்டையும் வரை.

உன்
சதீஷ்