செல்வம் இன்னும் பாம்பைத் தேடுகிறான்

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் இல்லாமலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடக்கிறது. திண்டிவனத்தில் உங்கள் தையல் கடை மாடி, அதே பாய், அதே ஆட்கள். புத்தர் சொன்ன உவமை ஒன்றைப் படிப்பது, பிறகு அவரவர் வேலையிலிருந்து அதற்கு ஈடாக ஒன்றைச் சொல்வது. உங்கள் விதி மாறவில்லை.

போன வாரம் உப்புக்கட்டி. கிண்ணத்தில் போட்டால் தண்ணீர் கரிக்கும், ஆற்றில் போட்டால் தெரியாது. மனசு விரிந்தவனைச் சின்னத் தப்பு கெடுத்துவிடாது என்ற பாடம். மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் அக்கா ஒருவர், "மழை பேஞ்சா எங்க பாத்தியே ஆறாயிடுது. அன்னிக்கு மனசு விரியறதில்ல, கூலிதான் போவுது" என்றார். நீங்கள் இருந்திருந்தால் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்திருப்பீர்கள்.

நான் ஒரு தடவைகூட உவமை கொண்டுவந்ததில்லை. விழுப்புரத்தில் லிஃப்ட் சர்வீஸ் பார்க்கிறவன். உவமையால் எதையும் நிரூபிக்க முடியாது என்பது என் கட்சி. அதிலும் அந்த விஷ அம்பு எனக்கு ஆகவே ஆகாது. அம்பு தைத்தவன், எய்தவன் யார், எந்த ஊர், வில் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அம்பைப் பிடுங்க விடுவேன் என்கிறான். தெரிவதற்குள் செத்துப்போவான். காரணம் தெரியாமல் எதையும் சரிசெய்ய முடியாது என்று உங்களோடு எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்? "அப்ப நீயே வேற ஒன்னு கொண்டா மச்சான், மாத்திடலாம்" என்று சொல்லிவிட்டுக் சட்டைக்குக் காஜா எடுக்கப் போய்விடுவீர்கள்.

அன்று மயிலம் பக்கத்துக் குத்தகை நிலத்தில், கடலை பறிக்கப் பிடுங்கிக் குவித்த மல்லாட்டைச் செடியைப் புரட்டும்போது உங்களைப் பாம்பு கடித்தது. கூட இருந்தவன் உங்கள் தம்பி செல்வம் மட்டும். நம் பக்கத்தில் பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டுதானே ஆஸ்பத்திரிக்கே போவார்கள்? "டாக்டர் எந்தப் பாம்புன்னு கேப்பாருண்ணா" என்று அவன் குவியலைக் கிளறியிருக்கிறான். நீங்கள் வரப்பில் உட்கார்ந்து, "அதை விடுடா, வண்டியை எடு" என்றீர்களாம். பொழுது மங்கும்வரை தேடிவிட்டுத்தான் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். பாம்பும் கிடைக்கவில்லை, நீங்களும் பிழைக்கவில்லை.

டாக்டர் என்னிடம் சொன்னதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் கடிக்கிற விஷப் பாம்புகளுக்கு மருந்து ஒன்றுதானாம். பாம்பைக் கொண்டுவர அவசியமே இல்லையாம்.

அதன்பிறகு செல்வம் வேறு வேலை பார்க்கவில்லை. தினமும் கடப்பாரையோடு போய் வரப்பைத் தோண்டுகிறான். வளையில் வெறுங்கையை விடுகிறான். மல்லாட்டை குவியலிலேயே முளைத்துவிட்டது. "இவனையும் பறிகொடுக்கணுமா? போய்ப் பேசுடா" என்றாள் என் அக்கா.

போனேன். முழங்கைவரை வளைக்குள் விட்டிருந்தான். கையை எடுக்கச் சொன்னேன்.

"எங்கண்ணனைக் கடிச்சது எதுன்னு தெரியாம எப்படிக் கதிரு தூங்கறது?"

அம்பு தைத்தவன் பேசுகிற பேச்சு. நான் பேசிய பேச்சும்தான்.

"தேடாம போயிருந்தா பொழைச்சிருப்பாரா? நீ படிச்சவன், சொல்லு."

எனக்குப் பூசிமெழுகத் தெரியாது. "பொழைச்சிருக்கலாம். பாம்பே தேவையில்லன்னு டாக்டர் சொன்னாரு. அன்னிக்கு அது உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது."

வளையிலிருந்து கையை எடுத்து, கடப்பாரையைத் தள்ளிவிட்டு வரப்பில் உட்கார்ந்தான். சொல்லியிருக்கக் கூடாதோ? வாயில் வந்த என் வேலைக் கதையைச் சொன்னேன். லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் நாங்கள் முதலில் பழுதைத் தேடுவதில்லை. கரண்ட்டை நிறுத்தி, மேலே மோட்டார் அறைக்கு ஏறி, பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்ட்டை ஒரு மாடிக்கு நேராகக் கொண்டுவந்து கதவைத் திறப்போம். "நீ உள்ள மாட்டிக்கினு இருக்க செல்வம். வெளிய வா" என்றேன்.

அவன் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "அப்புறம் பழுதைத் தேடாம உட்டுடுவியா?" என்று கேட்டான்.

"தேடுவேன். ஆளை உள்ள வச்சிக்கினு தேட மாட்டேன்."

எழுந்தான். இரண்டு பேருமாகக் கம்பால் குவியலைப் புரட்டினோம். முளைத்ததைத் தள்ளி, மிச்சத்தை உதறிச் சாக்கில் கட்டினோம். தேறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். வண்டியில் திரும்பும்போதும் வரப்பைப் பார்த்துக்கொண்டுதான் வந்தான்.

ஒன்று கேட்கணும் மாமா. வரப்பில் உட்கார்ந்திருந்தபோது அந்த அம்பு உங்களுக்கு ஞாபகம் வந்ததா? இல்லை, வலியில் சொன்னதுதானா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை செல்வத்தை மாடிக்குக் கூட்டி வருவேன். என் முதல் உவமையாக லிஃப்ட்டைச் சொல்வேன். பிறகு உங்கள் பேச்சை அப்படியே சொல்வேன்: அதை விடு, வண்டியை எடு. கூட்டத்தில் மட்டுமில்லை, லிஃப்ட் வேலை முடிந்து எந்த ஊர் டீக்கடையில் நின்றாலும், பாம்பு கடித்தால் இதுதான் செய்ய வேண்டியது என்று சொல்வேன். அதற்கு உவமை எதுவும் வேண்டாம்.

உங்களோடு சண்டை போட்டு முடிக்காத மச்சான்,
கதிர்