விரிசல் விட்ட மணி

லூசியானா, 1938 நவம்பர்

அடி மகளே,

சனிக்கிழமை என் கல்யாணத்துக்கு நீ வராததைப் பற்றி எழுதப்போவதில்லை. அதை விடு.

அன்று பொழுது சாய்ந்ததும் ஊரே திரண்டு வந்து நம் வாசலில் ஷாரிவாரி போட்டது. சட்டி, தகரம், பழைய கலப்பைக் கொழு என்று கையில் கிடைத்ததையெல்லாம் தட்டினார்கள். விதவை மறுபடி கட்டிக்கொண்டால் சும்மா விடுவார்களா?

"ஏய் அல்சீத்! புது மாப்பிள்ளே! காபியும் கேக்கும் வராம ஒருத்தனும் நகரமாட்டான்!" என்று கத்தினான் பக்கத்துப் பண்ணை ஒவீத்.

"கொஞ்சம் பொறுங்க, பொண்ணு நரைச்ச தலையைச் சீவி முடிக்கட்டும்!" என்றாள் அவன் பெண்டாட்டி.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே உன் அப்பா நினைவும் வந்தது. யாருக்கு ஷாரிவாரி என்றாலும் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்புவார். நம் பசுவின் கழுத்து மணியை நீதான் ஆட்டுவாய். ஒருமுறை அதைக் கீழே போட்டு விரிசல் விடவைத்தாய். அன்றிலிருந்து அதற்குச் சளி பிடித்த குரல். அவரை அடக்கம் செய்த அன்று அதை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவள்தான் நீ.

சனிக்கிழமை அத்தனை இரைச்சலிலும் வேலிப்பக்கம் அந்தக் குரல் கேட்டது. நான் கதவைத் திறந்ததும் அது மட்டும் நின்றுவிட்டது. அல்சீத்திடம் சொல்லவில்லை.

எல்லோருக்கும் காபி ஊற்றினேன். ஒரு கோப்பையை மட்டும், பால் நிறைய விட்டு, அடுப்போரம் மூடி வைத்தேன். காலையில் ஆறிக்கிடந்தது.

சத்தம் போட்டவர்களில் ஒருவர் காபி குடிக்காமல் போனாலும் கல்யாணம் செல்லாது என்பார் உன் அப்பா. வந்து குடித்துவிட்டுப் போ.

இன்னும் பாதிக் கல்யாணத்தோடு நிற்கும்,
உன் அம்மா