கதவு மட்டும் பாக்கி

லிமா, பெரு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

நம் மலைச்சரிவு ஓவியம் முடிந்தேவிட்டது அப்பா! இந்த ஊர் ஈரத்தில் செம்மண் நிற அடிப்பூச்சு காயவேயில்லை. கீழே ரொட்டிக்கடை அடுப்பருகே வைத்துக் காயவைத்தேன். அதன்மேல் சோளக்காடு, யூகலிப்டஸ் மரங்கள், மேகம் எல்லாம் ஏறிவிட்டன. அடுத்த மாதம் கண்காட்சிக்குப் போகிறது.

நம் வீட்டுக் கதவில் மட்டும் இன்னும் அடிப்பூச்சுதான். புது வண்ணம் அடித்ததாக எழுதினீர்கள், என்ன வண்ணம் என்று சொல்லவில்லையே.

"சொந்த வீட்டுக் கதவு என்ன நிறம்னு தெரியாதாம்மா உனக்கு?" என்று ரொட்டிக்கடை ஃபெர்மின் கேலி செய்தார். நானும் சிரித்துவைத்தேன்.

அந்த வண்ணத்தை ஒரு தாளில் தடவி அனுப்புங்கள். பழைய நீலத்தைத் தீட்டிப் பார்த்தேன். நான் கிளம்பிய அன்றிருந்த வீடாகிவிட்டது. துடைத்துவிட்டேன்.

ரொட்டி அடுக்க ஃபெர்மின் கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உங்கள் நெலிதா